எழுபத்திரண்டு படியும் உப்பு ஏரியும்

ஆகஸ்ட் 26, ஞாயிறு

என் பெண்டாட்டி அவாதிஃபின் பிரஷரைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லி டாக்டர் இந்த நோட்டை வாங்க வைத்தார். காலை 160. சாயங்காலம் 165. எழுதியாச்சு. மீதிப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன். நாலாம் வகுப்புவரை போனவன் கையெழுத்து, எறும்பு மை குடித்துவிட்டு நடந்த மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

இன்று மீன் சந்தையில் உயிரோடு ஒரு நண்டு கிடைத்தது. கயிறு கட்டிய கூடையில் தக்காளிக்கு அடியில் அதை ஒளித்து வைத்து, தெருவில் நின்று, "இழுடி மகாராணி!" என்று கத்தினேன். அவாதிஃப் நாலாவது மாடி பால்கனியிலிருந்து கயிற்றை இழுத்தாள். முன்பெல்லாம் இப்படிச் செய்தால் அலெக்சாந்திரியா முழுக்கக் கேட்கும்படி என் ஏழு தலைமுறையையும் திட்டுவாள். திட்டி முடித்துவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நண்டு. இன்று நண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். மத்தியானம் அது சூப்பில் வந்தது. சூப் நன்றாகத்தான் இருந்தது.

அவள் கீழே இறங்கி ஒரு வருஷம் ஏழு மாசம் ஆகிறது. இரண்டு முட்டியும் போய்விட்டது. எழுபத்திரண்டு படி. லிஃப்ட் கிடையாது.

படியில் ஃபிக்ரி மடக்கினான். தரைத்தளத்தில் இருக்கும் டெய்லர், நெஞ்சுச் சளிக்காரன். கீழே ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டை மாற்றிக்கொள்வோம் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறான்.

"என்னப்பா முடிவு பண்ணே ஷஹாத்தா? அவங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"புறாக்கிட்ட கேட்டேன் ஃபிக்ரி. ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டையா பேண்ட் தைக்கிறவன் பக்கத்துல இருக்க மாட்டோம்னு சொல்லிட்டுதுங்க."

அவன் முகம் சுருங்கியது. "செப்டம்பர் முடியறதுக்குள்ள சொல்லு. மருந்துக்கடைக்காரர் குடோனுக்குக் கேக்குறாரு. பதிலுக்கு வேற வீடு தரேன்றாரு."

அவாதிஃபிடம் இதைச் சொல்லவில்லை. மூன்று தடவையும் சொல்லவில்லை. என் நாற்பத்துமூன்று புறாக்களும் மொட்டை மாடியில், எங்கள் கதவுக்கு நேர் மேலே இருக்கின்றன. கீழே குடி போனால், இந்த முதுகை வைத்துக்கொண்டு தினம் இரண்டு வேளை எழுபத்திரண்டு படி ஏற முடியுமா? எழுபத்தொரு வயசில்?

பார்க்கலாம்.

ஆகஸ்ட் 27, திங்கள்

மகன் இஹாப் வந்தான். அவனோடு வேலை பார்ப்பவரின் மாமியார் முட்டி வலிக்காகச் சீவா பாலைவனச் சோலைக்குப் போய்ச் சுடுமணலில் புதைத்துக்கொண்டு வந்து இப்போது பஸ்ஸுக்கு ஓடுகிறாளாம்.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போங்கப்பா."

"நாப்பத்தஞ்சு வருஷமா நானே புதைக்கணும்னுதான் பாக்குறேன். சம்மதிக்க மாட்டேங்குறாளே."

இஹாப் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனால், "போலாம்" என்றாள். அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ராத்திரி பார்த்தால் பெட்டியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

புறாக்களுக்குத் தீனி போட ஃபிக்ரியிடமே சாவி கொடுத்தேன். அவன் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 28, செவ்வாய். மர்சா மத்ரூஹ்

இஹாபும் ரொட்டிக்கடைக்காரனும் அவளை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். நான் எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன், கல்யாண ஊர்வலத்தில் பெண்ணை அழைத்துப் போவது போல. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து குலவை போட்டார்கள். இரண்டாவது மாடியில் அவாதிஃப் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். கார் கிளம்பிய பிறகு கண்ணாடியில் பார்த்தேன். வெட்கம் இல்லை.

என் பழைய கறுப்பு மஞ்சள் டாக்ஸி ஒழுங்காக ஓடியது. இந்த ஊரில் ராத்திரி தங்கல். பிரஷர் பார்க்கவில்லை, மெஷினை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, புதன். சீவா

முந்நூறு கிலோமீட்டருக்கு ஒன்றும் கிடையாது. முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவனுக்கு இதைவிடத் தண்டனை வேறு என்ன? திட்ட ஒரு ஆள் எதிரே வரவில்லை. பாதி வழியில் ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரன் அவளால் இறங்க முடியாது என்று பார்த்ததும், கேட்காமலேயே டீயைக் காருக்குக் கொண்டு வந்தான். தன் தலையணையையும் கொண்டு வந்து அவள் முட்டிக்குக் கீழே வைத்தான். "திரும்பி வரப்போ குடுங்க" என்றான். பேர் கேட்க மறந்துவிட்டேன். அல்லா அவனுக்கு நல்ல தூக்கம் கொடுக்கட்டும், தலையணை இல்லாவிட்டாலும்.

சாயங்காலம் பேரீச்சை மரங்கள் தெரிந்தன. அப்புறம் கரைந்துபோன கேக் மாதிரி பழைய மண்கோட்டை. அதன் காலடியில் சந்தை, மோட்டார் வண்டி, கழுதை எல்லாம். நாங்கள் தங்குவது மணல் வைத்தியர் மதனி என்பவருடைய வீட்டில். பெண்களுக்குக் கீழே அறைகள், அவர் மனைவி மப்ரூக்கா பார்த்துக்கொள்கிறாள். ஆண்களுக்கு மாடி. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் கழித்து எங்களைப் பிரித்துவிட்டார்கள்.

"குறட்டை இல்லாம தூங்கப் போறேன்" என்றாள் அவாதிஃப். சொன்னாளே! இந்தப் பயணத்தில் அவள் பேசிய முதல் நீள வாக்கியம்.

ஆகஸ்ட் 30, வியாழன்

இல்லையாம்.

மதனி அவள் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். 190. கொஞ்சம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். 190. பட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. உங்கள நான் மணல்ல படுக்க வைக்க மாட்டேன். அந்தச் சூடு ரத்தத்த எங்க கொண்டு போகும்னு எனக்குத் தெரியாது. எங்கப்பா காலத்துல மெஷின் இல்ல. ஒரு அம்மாவ எடுத்தப்போ எழுந்திரிக்கல."

"கொஞ்ச நேரம் மட்டும், முட்டியை மட்டும்..." என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

தப்பு என்னுடையது. இந்த நோட்டில் முதல் வரியே பிரஷர்தான். மணலுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டின் தட்டத் தெரிந்தது.

மத்தியானம் அவளைக் காரில் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டினேன். ஒலிவத் தோப்பு, ஊற்றுக்குளம், மேற்கே ஏரி. அந்தப் பக்கம் ஓரத்தில் டீக்கடை, பாலத்தைத் தாண்டினால் பேரீச்சைத் தீவு. தண்ணீர் அசையாமல் நீலமாகக் கிடந்தது. கரையெல்லாம் உப்பு. ஜனங்கள் கரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கார் அங்கே போகாது. தூரத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு." கண்ணாடி விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, "இதுவும் பால்கனிதான்" என்றாள்.

காரைத் திருப்பினேன். வீட்டுக்கு வந்ததும் மதனியிடம் போய், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், குழிய வீணாக்க வேண்டாம், அவளுக்குப் பதிலா என்னைப் புதைச்சிடுங்க" என்றேன். தமாஷுக்குத்தான் சொன்னேன்.

அவர் தமாஷாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டையை என் கையில் சுற்றினார். 130. முதுகை அழுத்திப் பார்த்தார். நான் எகிறினேன்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு, ஹாஜி. மூணு நாள் மணல், மூணு நாள் அறை. மணல்ல இருந்து எடுத்த உடம்புல காத்து படக் கூடாது, தண்ணி படக் கூடாது. ஜன்னல் கூடத் திறக்கக் கூடாது. முடியுமா?"

பின்னால் அவாதிஃப் நின்றிருந்தாள். அவள் எதிரில் முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 31, வெள்ளி

புதைத்துவிட்டார்கள்.

காலையிலேயே குழி வெட்டி வெயிலுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். ரெண்டு மணிக்குப் பிறந்த மேனியாக அதில் படுக்க வைத்து, கழுத்துவரை மணலைத் தள்ளினார்கள். முகத்துக்கு மட்டும் ஒரு குடை. என்னைப் பெற்றவள் பட்ட கஷ்டமெல்லாம் அந்த நிமிஷம் புரிந்தது. மணல் கனக்கிறது, சுடுகிறது, கையை அசைக்க முடியவில்லை, மூக்கில் ஈ உட்கார்ந்தால் மதனியைக் கூப்பிட வேண்டும். கத்தினேன். பாட்டு மாதிரி ஆரம்பித்தேன், கடைசியில் வெறும் கத்தல்தான்.

பெண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. அவாதிஃப் மண்சுவருக்குப் பின்னால் காரில் இருந்தாள். மதனி ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தார். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

"என்ன?"

"வாயையும் சேத்து மூடச் சொன்னாங்க."

அல்ஹம்துலில்லாஹ்! மணலுக்குள் கிடந்து சிரித்தேன். சிரித்ததில் மணல் விரிசல் விட்டு, மறுபடி மூடினார்கள்.

அப்புறம் கம்பளியில் சுருட்டிக் கூடாரத்தில் போட்டு, வாய் வேகிற சூட்டில் வெந்தயக் கஷாயம். வேர்வை வாளிவாளியாகப் போனது.

செப்டம்பர் 1, சனி

இன்றும். எழுதக் கையில் சத்து இல்லை.

செப்டம்பர் 2, ஞாயிறு

மூன்றாவது மணல் முடிந்தது. மாடி அறையில் போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

கீழே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. நான் வெந்துகொண்டிருந்த நேரத்தில் மப்ரூக்கா அவாதிஃபைக் கிழக்கே உப்புக் குளத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்துவிட்டாளாம். அங்கே இன்னொரு ஏரிக்கரையில் உப்பு வெட்டியெடுத்த குழிகளில் நீர் ஊறி நிற்கிறது, அதில் யாராலும் முங்க முடியாது என்கிறார்கள். இன்று காலையில் மதனியின் மூன்று சக்கர மோட்டார் வண்டியில் போயிருக்கிறார்கள். பின்னால் மெத்தை போட்டு இரண்டு பெண்களும். அவர் உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாராம்.

சாயங்காலம் முற்றத்தில் அவள் குரல் கேட்டது. மாடிக்கு அவளால் ஏற முடியாது. நான் இறங்கக் கூடாது. ஜன்னல் இடுக்கில் காதை வைத்தேன்.

"யோவ்! உயிரோட இருக்கியா?"

"பாதி வெந்தாச்சு! நீ எங்க போனே?"

"தண்ணியில படுத்தேன்யா."

"என்னது?"

"படுத்தேன். பாய்ல படுக்கற மாதிரி. கீழ போகவே இல்ல."

மேலே சொல்லுவாள் என்று காத்திருந்தேன். மப்ரூக்கா ரொட்டிக்குக் கூப்பிட்டாள், போய்விட்டாள்.

செப்டம்பர் 3, திங்கள்

ஃபேன் கூடாது. குளியல் கூடாது. குளிர்ந்த தண்ணீர் கூடாது. பழம் கூடாது. இந்த அறையில் பார்ப்பதற்கு இருப்பது ஒரு பல்லி மட்டும். அதுவும் மத்தியானம் வெளியே போய்விட்டது. அதற்குத் தடை இல்லை.

மணல் ஆட்களில் ஒருத்தன் என்னிடம் கயிறும் ஓலைக்கூடையும் கொடுத்திருந்தான், அறை வாசலிலிருந்து மாடிப்படி வழியாக ரொட்டி இழுத்துக்கொள்ள. சாயங்காலம் அவாதிஃப் வந்ததும் கெஞ்சினேன்.

"அவாதிஃப், ஒரே ஒரு குளிர்ந்த சோடா. மதனிக்குத் தெரியாம. மாடிப்படி வழியா கூடைய விடறேன்."

"பாவம்யா நீ" என்றாள். குரலில் அவ்வளவு பரிவு. கூடை கனமாக வந்தது. துணியில் சுற்றின பாட்டில். பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு...

கொதிக்கிற வெந்தயக் கஷாயம்.

கீழே இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஒன்று மப்ரூக்கா. இன்னொன்றை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று? நாக்கு வெந்துபோச்சு. பரவாயில்லை. நாக்கு போனால் போகட்டும்.

செப்டம்பர் 4, செவ்வாய்

காலை ஏழு மணிக்குப் போனாள். எட்டுக்கு வரவில்லை. பத்துக்கு வரவில்லை. பதினொன்றாச்சு. என்ன செய்கிறாள் அங்கே? தண்ணீரில் எவ்வளவு நேரம்தான் படுப்பாள்? ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். தெருவில் யாரோ கத்திரிக்காய் விலை பேசினார்கள், அதைக்கூடக் காது கொடுத்துக் கேட்டேன். யார் வாங்கினது, என்ன விலைக்கு முடிஞ்சுது? தெரியலையே. அது தெரியாமப் போனது ஏன் எனக்கு இவ்வளவு துக்கமா இருக்கு?

மூணு நாள். மூணே மூணு நாள்தான்டா ஆச்சு ஷஹாத்தா. அவ ஒரு வருஷம் ஏழு மாசம்.

நான் காபிக்கடைக்குப் போயிட்டு மத்தியானம் கதவத் திறக்கறப்போ எல்லாம், "தெருவுல என்ன விசேஷம்?"னு கேப்பா. "ஒண்ணுமில்ல"ம்பேன். சில நாள் சும்மா ரீல் விடுவேன், ரொட்டிக்கடைக்காரன் ஓடிப்போயிட்டான், டிராம் கடல்ல விழுந்துடுச்சுன்னு. அவ அதையும் கேப்பா. நல்லாக் கேப்பா. ஒரு தடவை, "கீழ காத்து வேற மாதிரி இருக்கும்ல?"ன்னா. "மீன் நாத்தம்தான்"னேன். அதுக்கு நானே சிரிச்சேன்.

நண்டு வேற. தூ.

வண்டிச் சத்தம் கேட்டது. அவளுடைய இருமலும் கேட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை, ஜன்னலை முழுக்கத் திறந்து தலையை வெளியே நீட்டிவிட்டேன். ஈரத்துணியோடு வண்டியில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் காய்ந்த உப்பு, மாவு பூசின மாதிரி. மேலே பார்த்தாள்.

"யோவ்! மூடு ஜன்னல!"

அதற்குள் காற்று பிடித்துவிட்டது. கழுத்து இடது பக்கம் பூட்டிக்கொண்டது. மதனி வந்து எண்ணெய் தடவிக்கொண்டே திட்டினார். திட்டு எல்லாம் சீவா மொழியில். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் சரியான திட்டு என்று தெரிந்தது. கடைசியில் அரபியில், "இன்னும் ரெண்டு நாள் கூட" என்றார்.

"எதுக்கு ஹாஜி திறந்தீங்க? தீயா பிடிச்சுது?"

"என் பொண்டாட்டியப் பாக்க."

 அதற்குப் பிறகு எண்ணெயைக் கொஞ்சம் மெதுவாகத் தடவினார்.

செப்டம்பர் 5, புதன்

கழுத்து கோணல். பல்லி திரும்பி வந்தது.

செப்டம்பர் 7, வெள்ளி

நேற்று ராத்திரியோடு சிறை முடிந்தது. முதுகு... சொல்லவே பயமாக இருக்கிறது, கண்பட்டுவிடும். குனிந்து செருப்பை எடுத்தேன். எடுத்துவிட்டுத்தான் குனிந்தேன் என்றே தெரிந்தது.

இன்று விடியற்காலை என்னையும் குளத்துக்குக் கூட்டிப் போனார்கள். என் டாக்ஸியில்தான். ஏழு நாள் தாடி, உடம்பெல்லாம் வேர்வை நாற்றம். பெண்டாட்டியோடு வெளியே போகிறோமே என்று நான் பளபளவென்று முகம் மழித்துக்கொண்டேன். மதனி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆள் நான் நினைத்த அளவு நல்லவர் இல்லை.

உப்பு வெட்டின குழி நீளமாக இருந்தது. அடி தெரிகிற பச்சைத் தண்ணீர். சுற்றிலும் வெள்ளை, கண் கூசுகிறது. மப்ரூக்காவும் மதனியும் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவாதிஃப் உப்புப் படியில் உட்கார்ந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கினாள். கறுப்பு அங்கி சுற்றிலும் உப்பி எழுந்தது.

"ஒட்டகத் தோல் பை மாதிரி மிதக்கற!" என்றேன்.

"நீ வாயேன்."

நான் குதித்தேன்.

கன்னம், தாடை, கழுத்து, மழித்த இடமெல்லாம் ஆயிரம் தேள். மணலில் கத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை. எழுந்து நிற்கப் பார்த்தால் கால் தரைக்குப் போக மாட்டேன் என்கிறது, புட்டம்தான் மேலே வருகிறது. "செத்தேன்! தண்ணி! நல்ல தண்ணி!" என்று கத்துகிறேன். அவள் பக்கத்தில் மல்லாந்து கிடந்தபடி சிரித்தாள். சிரித்தாள் என்றால் சும்மா இல்லை. மூச்சு வாங்கி, கண்ணில் நீர் வந்து, நடுவில் நின்று, என் முகத்தைப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தாள். குவியலுக்குப் பின்னால் மதனியும் சிரித்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிய பிறகு நானும் படுத்துவிட்டேன், அவள் பக்கத்தில். தண்ணீர் தாங்குகிறது. எதையும் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

"இந்த உப்பப் பாத்தா என் புறாங்க விடாது. உப்புன்னா உயிரு அதுங்களுக்கு" என்றேன்.

அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "இங்க எனக்கு முட்டியே இல்லய்யா" என்றாள். அப்புறம், "ஃபிக்ரி மறுபடியும் கேட்டானா?" என்றாள்.

எனக்குத் தண்ணீர் சில்லென்று ஆகிவிட்டது.

"உனக்கு எப்படி..."

"படியில பேசினா நாலு மாடிக்கும் கேக்கும். பேண்ட் கால் ஜோக்கும் கேட்டுது. மூணு தடவையும்."

"அப்ப ஏன் நீ ஒரு வார்த்த கேக்கல?"

"உன் முதுக வச்சுக்கிட்டு எப்படி ஏறுவே? நீ ஏறலேன்னா உன் புறாங்க பட்டினி கெடக்கும்." அவள் கையால் தண்ணீரைத் தள்ளினாள், கொஞ்சம் நகர்ந்தாள். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

நானும் கையால் தண்ணீரைத் தள்ளி அவள் பக்கம் நகர்ந்தேன்.  

செப்டம்பர் 8, சனி

ஃபிக்ரிக்குப் போன் போட்டேன். "நேத்து மருந்துக்கடைக்காரர் வந்து அளந்துட்டுப் போனாரு. நாளைக்கழிச்சுப் பதில் சொல்றேன்னுட்டேன்" என்றான். குரல் கல் மாதிரி இருந்தது. பின்னால் என் புறாக்கள் சத்தம் கேட்டது. தீனி போட்டுக்கொண்டுதான் பேசினான்.

"நான் வர்ற வரைக்கும் சொல்லாதே."

"மூணு தடவ வந்தேன் ஷஹாத்தா. மூணு தடவையும் என் தொழிலச் சொல்லிச் சிரிச்சே." வைத்துவிட்டான்.

அவாதிஃபிடம் சொல்லவில்லை. இல்லை. சொன்னேன். சாயங்காலம் சொல்லிவிட்டேன். "முப்பது வருஷமா அவன் தையலச் சொல்லித்தான் கிண்டல் பண்ணற. அவனும் மனுஷன்தானே" என்றாள்.

மதனிக்கும் மப்ரூக்காவுக்கும் விடை சொன்னோம். மப்ரூக்கா ஒலிவ எண்ணெய் கொடுத்தாள், பேரீச்சம்பழம் கொடுத்தாள், அவாதிஃபின் காதில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கேட்கவில்லை. இவர்கள் அவளுக்குச் சிகிச்சை செய்ய மாட்டோம் என்று சொன்னதற்காகத்தான் நான் அதிகமாக நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன். மதனி, "அடுத்த தடவை மழிக்காம வாங்க" என்றார்.

செப்டம்பர் 9, ஞாயிறு

வழியில் டீக்கடைக்காரனிடம் தலையணையைக் கொடுத்தோம், பேரீச்சம்பழத்தோடு. பேர் தர்வீஷ். இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 10, திங்கள். வீடு

இஹாபும் ரொட்டிக்கடைக்காரனும் தூக்கி ஏற்றினார்கள். நான் டின் தட்டவில்லை. நாற்காலியின் பின்காலை நானும் பிடித்துக்கொண்டு ஏறினேன். மூன்றாவது மாடியில் மூச்சுதான் நின்றது, முதுகு தாங்கியது.

அவளை உட்கார வைத்துவிட்டு நேரே கீழே போனேன். ஃபிக்ரி கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உன் பேண்ட் ரெண்டு காலும் சரியாத்தான் இருக்கும், ஃபிக்ரி. எப்பவும் சரியாத்தான் இருந்துது. நான்தான் கோணல்."

"இதுவும் ஜோக்கா?"

"இல்ல."

நின்று பார்த்தான். இருமினான். ஈரச்சுவர் வாசனை எனக்கும் வந்தது.

"அந்த ஆளுக்கு இன்னிக்குக் காலையில வேணாம்னு சொல்லிட்டேன்" என்றான். "உனக்காக இல்ல. என் பையன் சின்னவனா இருந்தப்போ ஒவ்வொரு பெருநாளைக்கும் அவனுக்குன்னு கூடையில பிஸ்கோத்து இறக்குவாங்க உம் வீட்டம்மா. ஒரு வருஷம் கூட மறந்ததில்ல."

எனக்கு அது தெரியவே தெரியாது. முப்பது வருஷம் அதே வீட்டில் இருந்தேன்.

"ஒரு கண்டிஷன்" என்றான். "உன் புறா எச்சம் என் பால்கனியில விழுந்துச்சுன்னா நீதான் தொடைக்கணும்."

"ரெண்டு வேளையும்" என்றேன்.

செப்டம்பர் 21, வெள்ளி

சாமான் மாற்றியாச்சு. அவள் கட்டில் தெரு ஜன்னலுக்குப் பக்கத்தில். பிரஷர் 150. வெளி வாசலுக்கு இரண்டு படிதான். இன்று சாயங்காலம் ஊன்றுகோலும் என் தோளுமாக இரண்டு படியும் இறங்கினாள். ரொட்டிக்கடைவரை போய்த் திரும்பினாள். அரை மணி நேரம் ஆச்சு, ஏனென்றால் வழியில் எல்லாரோடும் பேசினாள். கத்திரிக்காய் விலை கேட்டு வாங்காமல் வந்தாள்.

அக்டோபர் 5, வெள்ளி

காலை எழுபத்திரண்டு படி. நடுவில் ஒரு தடவை நின்றேன், அதுவும் ஃபிக்ரியின் கதவில் டீ குடிக்கத்தான். மேலே காற்று அவனுக்கு ஒத்துக்கொள்கிறது, இருமல் பாதி. மொட்டை மாடியில் புறாக்களைத் திறந்துவிட்டு, தீனிக்காகக் கயிற்றில் கூடையை இறக்கினேன். இப்போது இழுப்பவன் நான், கீழே நிற்பவள் அவள்.

"இழுய்யா மகாராஜா!" என்று கத்தினாள். தெருவே பார்த்தது.

கனமோ கனம். இரண்டாவது மாடிக்குள் கை எரிந்தது. இவ்வளவு கோதுமையா போட்டாள்? நாலாவது மாடிக்கு வந்தபோது ஃபிக்ரி பால்கனியிலிருந்து கூடைக்குள் எட்டிப் பார்த்து, சிரித்துவிட்டு உள்ளே போனான். மேலே வந்தது. துணியை விலக்கினேன்.

தலை அளவு ஒரு உப்புக் கட்டி. சீவா உப்பு. எப்போது எடுத்தாள், பெட்டியில் எங்கே ஒளித்தாள்? அறுநூறு கிலோமீட்டர் நான்தான் சுமந்து வந்திருக்கிறேன், தெரியாமல்.

எட்டிப் பார்த்தேன். வாசலில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, தலையை மேலே தூக்கி, என் முகத்துக்காகக் காத்திருந்தாள். பார்த்ததும் சிரித்தாள். நாலு மாடிக்கும் கேட்டது.

கட்டியைத் திட்டின் மேல் வைத்தேன். சாம்பல் கழுத்துக்காரி முதலில் வந்தாள், அப்புறம் எல்லாம் வந்துவிட்டன. கொத்திக்கொண்டே இருக்கின்றன.

தீனிதான் இன்னும் வரவில்லை. மறுபடி இறங்க வேண்டும்.